டிக்கெட் இல்லாமல் வந்த நண்டு

மனிதர்கள் பஸ் டிக்கெட்டை எங்கெங்கே வைத்துக்கொள்வார்கள் என்று செக்கரிடம் கேட்கக் கூடாது. கேட்டவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கடிகாரப் பட்டைக்கு அடியில் வைப்பார்கள். காதிடுக்கில் செருகுவார்கள். செருப்புக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே வைத்து மிதித்துக்கொண்டு நிற்பார்கள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருக்கிறவர்கள் டிக்கெட்டை வாயில் கவ்விக்கொள்வார்கள். செக்கர் கையை நீட்டினால் அப்படியே உருவி, எச்சில் நூலாக இழுபட, அவருடைய உள்ளங்கையில் ஒட்டிவிடுவார்கள். சிலபேர் ஏதோ யோசனையில் பாதியை மென்றே இருப்பார்கள். அந்த ஈரக் காகிதத்தை நகத்தால் பிரித்து, தேதி பார்த்து, "சரி" என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் அவருடைய உத்தியோகம்.

ஆகவே வீட்டுக்கு வந்தால் வாசல் கதவைக்கூடத் தோளால் தள்ளித்தான் திறப்பார். முழங்கை வரை சோப்புப் போடுவார். நகக்கண்களுக்குத் தனியாக ஒரு பிரஷ் வைத்திருந்தார்.

"ஆபரேஷனுக்குப் போற டாக்டர்கூட இவ்வளவு தேய்க்க மாட்டார். ஒருநாள் தோல் கழண்டு உள்ள இருக்கிற ஆள் வெளிய வந்துடப் போறார்" என்பாள் மனைவி.

பணிமனையில் அவருக்குப் பெயர் கழுகு. டிக்கெட் எடுத்தவன் யார், எடுக்காதவன் யார் என்று மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று அவருக்கு ஒரு பெருமை. பஸ்ஸில் ஏறியதும் கம்பியைப் பிடிக்காமல் நின்று ஒரு பார்வை பார்ப்பார். யாரிடமாவது போய் நிற்பார். அவன் பையைத் துழாவ ஆரம்பித்தால், "தேடாதே. இறங்கு" என்பார். அந்த ஒரு சொல்தான். கத்த மாட்டார், திட்ட மாட்டார். எப்போதாவது அந்த ஆள் டிக்கெட்டை எடுத்து நீட்டிவிட்டால் அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "சரி, இன்னைக்கு எடுத்திருக்கே. நேத்து?"

கழுகு தப்புச் செய்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவரே சொல்லிக்கொண்டதும் இல்லை.

வீட்டில் அவர், மனைவி, மனைவியின் தம்பி. மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அப்பா அம்மாவை இழந்தபோது தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. அவள்தான் போட்டுவிட்டாள், பள்ளிக்கூடத்தில் விட்டாள், கல்லூரி வரை கொண்டுபோனாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். பெண் பார்க்க வந்தபோது செக்கரைத் தனியாகக் கூப்பிட்டு அவள் சொன்னது ஒன்றுதான். "நகை வேணாம், புடவை வேணாம். என் தம்பி என்கூடத்தான் இருப்பான். அதுக்குச் சரின்னா எனக்கும் சரி." செக்கர் சரி என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர் என்றுதான் தன்னைப் பற்றி அவர் நினைத்திருந்தார்.

ஆனால் மச்சினன் என்று ஒருத்தன் கூடவே இருந்தால் அவனுடைய நகமும் கூடவே இருக்கும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. சோபாவில் உட்கார்ந்து கால் நகத்தை வெட்டுவான். வெட்டியது எங்கே தெறித்தது என்று பார்க்க மாட்டான். பாதி இரவு பெய்த மழையில் நனைந்த நாய் மாதிரி மணக்கும் அவன் துண்டு. அதை இவருடைய துண்டின் மேல் போடுவான். எல்லாவற்றுக்கும் சிகரம் ஜாம் பாட்டில். ரொட்டியில் தடவிவிட்டு ஸ்பூனை வாய்க்குள் விட்டு, இரண்டு பக்கமும் சுத்தமாக நக்கி, திரும்ப அதே பாட்டிலுக்குள் செருகி மூடிவிடுவான். முதல் தடவை பார்த்த அன்று செக்கருக்குத் தொண்டைக்குள் ஈர டிக்கெட் ஒன்று ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அவர் ஜாம் தொட்டதில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. எப்படிச் சொல்வது? நேர்முகத் தேர்வுக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போய், முகம் தொங்கித் திரும்பி வருகிற பையன். அவனிடம் போய் ஸ்பூனைப் பற்றிப் பேசினால், அந்தப் பேச்சு ஸ்பூனோடு நிற்காது. அது அவருக்குத் தெரியும். அதனால் முழுங்கினார். முழுங்கியது உள்ளே கிடந்து புளித்தது.

இந்த நிலைமையில்தான் கடல்மீன் தொட்டி வந்தது. ஊர் மாறிப் போன பக்கத்து வீட்டு எஞ்சினியர், தூக்க முடியாமல் விட்டுப்போன கண்ணாடித் தொட்டி அது. செக்கர் அதை வேண்டாம் என்றுதான் சொல்லப்போனார். சொல்லும்போது தொட்டியின் விளக்கு எரிந்தது. உப்புத் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அளந்து உப்புப் போட்டு, உப்பின் அளவு காட்டும் மிதவையை விட்டுப் பார்த்து, வடிகட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிற தண்ணீர். யாரும் துப்ப முடியாத, யாரும் நக்க முடியாத ஒரு உலகம். கூடத்து மூலையில் அதை நிறுத்தி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எச்சில் படாத சாமி கிடைச்சிடுச்சு" என்றாள் மனைவி.

வளர்ப்புக் கடல்மீன் விற்கும் கடையை நடத்தியது ஒரு அம்மாள். முரட்டுக் கண்ணாடி, அதைவிட முரட்டு வாய். ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன் ஜோடி ஒன்று, ஒரு மஞ்சள் மீன், மணலில் வயிறு பதித்துப் படுத்துக் கிடக்கிற ஒரு சோம்பேறி மீன், பாசி மேய நத்தைகள், நீளமான வெள்ளை மீசையோடு ஒரு துப்புரவு இறால் எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. யாரோடு யாரை விடலாம், விடக் கூடாது என்று அந்த அம்மாள் கல்யாணத் தரகர் மாதிரி பொருத்தம் பார்த்துத்தான் கொடுத்தாள். கடைசியாகக் கடலில் ஊறிய ஓட்டைப் பாறை ஒன்றைக் கொடுத்தாள்.

அந்தப் பாறையின் ஓட்டைக்குள் ஒரு நண்டு இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. இரண்டு நாள் கழித்துத்தான் தலையைக் காட்டியது. செக்கர் கடைக்குப் போன் போட்டார்.

"பாறையோட வந்துடும் சார் சில சமயம்" என்றாள் அந்த அம்மாள். "காலெல்லாம் முடியா? கொடுக்கு நுனி கறுப்பா? அப்படின்னா இப்பவே எடுத்துடுங்க. சின்னதா இருக்கறப்ப அது பொம்மை. வளர்ந்தா கூட இருக்கிறதை எல்லாம் தின்னும். பகல்ல சாது மாதிரிதான் இருக்கும். விளக்கை அணைச்சா அதோட ராஜ்யம்."

செக்கர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். காலில் முடி இருந்தது. கொடுக்கின் நுனி, மையில் தோய்த்தது போலக் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பார்த்தது மூஞ்சியை. குச்சிக் கண்கள் இரண்டையும் நீட்டி, வாயோரத்துச் சின்னக் கைகளால் எதையோ பிசைந்துகொண்டே, முதல் நாள் வேலைக்கு வந்த குமாஸ்தா மாதிரி பயந்து நின்றது.

"இல்லம்மா, இது அப்படித் தெரியல" என்றார்.

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார். "ஆயிரம் மூஞ்சி பார்த்தவன் நான். இவன் டிக்கெட் எடுத்தவன்."

அழைக்காமல் வந்து, வந்த இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். காலையில் டியூட்டிக்குப் போகுமுன் ஒரு துண்டு இறால் சதையை இடுக்கியில் பிடித்து ஓட்டைக்கு முன்னால் நீட்டுவார். மாப்பிள்ளை இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்து வாங்கும். வாங்கி வாயோரக் கைகளால் நறுக்கி நறுக்கி உள்ளே தள்ளும். "பாரு, எவ்வளவு சுத்தமாச் சாப்பிடுது" என்று மச்சினன் காதில் விழும்படி சொல்வார். மச்சினன் ரொட்டியை மென்றுகொண்டே, "ஆமா மாமா, ஸ்பூன்கூட வேண்டியதில்ல" என்பான். அது குத்தலா வெகுளியா என்று செக்கருக்குக் கடைசி வரை புரியவில்லை.

ஒருநாள் மாப்பிள்ளை பாறைக்கு வெளியே அசையாமல் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு. செக்கர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. மறு வாரம் பார்த்தால் ஓட்டைக்குள்ளிருந்து அதே குச்சிக் கண்கள். பழைய சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுச் சட்டையில் இன்னும் பெரிய மாப்பிள்ளை.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்லி வெச்சாங்க. நண்டைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்களே" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை இப்படிப் பலமுறை சட்டை மாற்றி வளர்ந்த பிறகு, முதலில் போனவை நத்தைகள். ஓடு இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. வயசாகிப் போயிருக்கும் என்று செக்கர் விட்டுவிட்டார். அப்புறம் ஒரு காலையில் சோம்பேறி மீன் மணலில் மல்லாந்து கிடந்தது. அதன் மேல் துப்புரவு இறால் ஏறி உட்கார்ந்து, வெள்ளை மீசையை ஆட்டி ஆட்டி, கண் இருந்த குழிக்குள்ளிருந்து எதையோ பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. செக்கருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. இதற்குமேல் விசாரணை எதற்கு? இறாலைப் பையில் போட்டுக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

"கொலைகாரனைக் கொண்டுவந்திருக்கேன்."

கடைக்கார அம்மாள் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இதுவா? இது செத்ததைத் தின்னும் சார். அதான் அதோட வேலை. உயிரோட இருக்கிற மீனை இது எப்படிக் கொல்லும்? அவ்வளவு பலம் அதுக்கு ஏது? போன்ல யாரோ நண்டைப் பத்திக் கேட்டாங்களே, நீங்களா? உங்க தொட்டியில நண்டு இருக்கா?"

"நண்டா? எங்க வீட்டுலயா?" என்றார் செக்கர்.

சொன்ன பிறகுதான் அந்தக் குரல் அவருக்கே பழக்கமானதாகப் பட்டது. டிக்கெட் எடுக்காதவர்கள் எல்லோரும் முதலில் இந்தக் குரலில்தான் பேசுவார்கள். "டிக்கெட்டா? நானா?" அவர் வெளியே வந்துவிட்டார். அந்த நினைப்பையும் கடையிலேயே விட்டுவிட்டார்.

இறால் போன பிறகு தொட்டியில் அழுகல் தங்க ஆரம்பித்தது. செத்ததைத் தின்ன ஆளில்லை. மணலுக்கடியில் கறுப்புக் கறையாக என்னவோ படர்ந்தது. தண்ணீரின் மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம். கூடத்துக்குள் நுழைந்தாலே பழைய செருப்பைத் தண்ணீரில் ஊறப்போட்ட வாடை. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்க்கிறார், கோமாளி ஜோடியில் பெண் மீனுக்குத் தலை இருக்கிறது, வால் இருக்கிறது, நடுவில் சீப்பு மாதிரி முள் மட்டும் இருக்கிறது. ஆண் மீன் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

தொட்டியின் மூடியில் ரொட்டித் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

அந்தத் துணுக்கைச் செக்கர் விரலால் சுண்டி எறிந்தார். கோபம்தான் வந்தது என்று அவர் நினைத்தார். பின்னாட்களில் யோசித்தபோது, அந்த நேரத்தில் தனக்கு வந்தது கிட்டத்தட்ட ஒரு நிம்மதி என்று அவருக்கே தெரிந்தது.

மச்சினன் சோபாவில் படுத்திருந்தான். செக்கர் அவன் முன்னால் போய், பஸ்ஸில் நிற்பது போல நின்றார்.

"தொட்டியில கையை விட்டியா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். "எப்ப மாமா?"

"எப்பவாவது."

"ஒரு தடவ விட்டேன்."

"ஒரு தடவ!"

"அந்த மஞ்சள் மீன் பாறை இடுக்குல மாட்டின மாதிரி உதறிக்கிட்டு இருந்துச்சு. எதுவோ பிடிச்சு இழுக்கற மாதிரி. அதான் தட்டி வெளிய விட்டேன்."

"ரொட்டி தின்ன கையோட."

"கழுவிட்டுத்தான்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? ஜாம் கை, எண்ணெய்க் கை, நகம் வெட்டின கை. எல்லாத்தையும் விட்டுக் கலக்கிட்டு நினைக்கிறேங்கற. தண்ணி கெட்டது உன்னால. மீன் செத்தது உன்னால. மூஞ்சியப் பாரு. முழிக்கிற முழியே சொல்லுது."

"மாமா, நான் தின்னுட்டேன்னு சொல்றீங்களா மீனை? நடுவுல முள்ளு மட்டும் இருக்கு. நான் என்ன பூனையா?"

இது வேறு நேரமாக இருந்தால் செக்கருக்கே சிரிப்பு வந்திருக்கும். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒற்றைச் சொல்தான். கத்தவில்லை, திட்டவில்லை.

"இறங்கு."

மச்சினனுக்குச் சட்டென்று புரியவில்லை. வீட்டிலிருந்து எங்கே இறங்குவது? புரிந்ததும் அவன் மூஞ்சி ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. நேர்முகத் தேர்வில் "போகலாம்" என்று சொல்லிவிட்டபோது வைத்துக்கொள்கிற மூஞ்சி. எழுந்து போய், பையில் இரண்டு சட்டையையும் சான்றிதழ் உறையையும் எடுத்து வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான். துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டான்.

மருந்துக்கடையிலிருந்து மனைவி வந்தபோது வீடு காலியாக இருந்தது. செக்கர் நடந்ததைச் சொன்னார். மீனைக் காட்டினார். அவள் மீனைப் பார்க்கவில்லை.

"அவன் கையை விட்டதுனால செத்துச்சு. அதானே?"

"ஆமா."

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் உங்ககிட்ட எத்தனை கேட்டேன்?"

அவர் தொட்டியின் மூடியைத் திரும்ப மூடினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பேன். எனக்கு இந்த வாரம் காலைல டியூட்டி, அங்கேயும் இங்கேயும் அலைய முடியாது. அதுக்கப்புறம் அவன் எங்கேயோ அங்கே நான்." சொல்லிவிட்டு அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வாசலருகே வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் செக்கர் பிழைத்திருப்பார்.

அந்த வாரம் முழுக்க வீடு சுத்தமாக இருந்தது. நகம் இல்லை, நாற்றத் துண்டு இல்லை. அவளே துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். ஜாம் பாட்டிலை யாரும் திறக்கவில்லை. ஆனால் தொட்டியில் சாவு நிற்கவில்லை. மஞ்சள் மீனின் வாலில் அரைவட்டமாக ஒரு துண்டு காணோம். வெள்ளிக்கிழமை ராத்திரி மீனையே காணோம். ஆண் கோமாளி மீன் தண்ணீரின் மேல்மட்டத்து மூலையில், கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டி நின்றது. கீழே இறங்கவே இல்லை. இங்கே ரொட்டிக் கையும் இல்லை, ஜாம் கையும் இல்லை. தொட்டியில் படுவதோ அவருடைய கை ஒன்றுதான், அதுவும் பிரஷ் போட்டுத் தேய்த்த கை.

சனிக்கிழமை செக்கர் லீவு போட்டார். மனைவி வேலைக்குப் போன பிறகு, ஜன்னலை எல்லாம் திறந்துவைத்துவிட்டு, தொட்டியைக் கலைப்பது என்று இறங்கினார். கோமாளி மீனைப் பிடித்து வேறு வாளியில் விட்டார். தண்ணீரைக் குழாய் போட்டு இறக்கினார். இறங்க இறங்க நாற்றம் ஏறியது. கடைசியில் இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துத் தூக்கினார்.

பாறைக்கு அடியில் ஒரு சமையலறை இருந்தது.

நத்தை ஓடுகள் குவியலாகக் கிடந்தன, ஒவ்வொன்றின் உதடும் ஒடித்துத் திறக்கப்பட்டு. மீன் முட்கள். இன்னது என்று சொல்ல முடியாத, சளி மாதிரி வெள்ளைத் தசைகள். எல்லாம் கறுப்புச் சேற்றில் ஊறி, அழுகின முட்டையின் வாடையைக் கக்கின. நடுவில் மாப்பிள்ளை. ஓட்டை வாசலுக்கு வருகிற கண்ணையும் கொடுக்கையும் மட்டுமே கொஞ்ச நாளாகப் பார்த்துவந்திருந்தார். வளர்ந்த முழு உடம்பை இப்போதுதான் பார்க்கிறார். உள்ளங்கையை விடப் பெரியது. தொட்டால் சிலிர்க்கும்படி உடம்பெல்லாம் பழுப்பு மயிர், மயிரெல்லாம் சேறு. ஒரு கொடுக்கில் மஞ்சள் மீன். அதற்கு வயிறு இல்லை. ஆனால் செவுள் இன்னும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

செக்கர் ஓடிப்போய்க் கழுவுதொட்டியில் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு இடுக்கியோடு திரும்பி வந்தார். இடுக்கியைப் பார்த்ததும் மாப்பிள்ளை மீனைப் போட்டுவிட்டது. இரண்டு கொடுக்கையும் மேலே தூக்கிக்கொண்டு, தினமும் காலையில் வருகிற மாதிரியே ஆசையாக அவரை நோக்கி ஓடி வந்தது.

ரத்தத்தைவிட, நாற்றத்தைவிட, அந்த ஓட்டம்தான் அவருக்குத் தாங்கவில்லை. வீட்டிலிருந்து ஒருத்தனை விரட்டிவிட்டு, இவ்வளவு நாள் தன் கையால் ஊட்டி வளர்த்தது இதை. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். இது வளையிலேயே தங்கி, வளைக்கே எல்லோரையும் வரவழைத்துக்கொண்டது. அவசரத்தில் இடுக்கி வழுக்கிவிட்டது. மாப்பிள்ளை அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. உதறி வாளிக்குள் விடுவதற்குள் நகத்தடியில் சதை பிய்ந்துவிட்டது.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒரு பாத்திரத்தில் கோமாளி மீனையும் ஒரு வாளியில் நண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் கடைக்குப் போனார். அந்த அம்மாள் மீனை வாங்கிக்கொண்டாள். வாளியை எட்டிப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க வீட்டுல நண்டான்னு கேட்டீங்களே?"

"கேட்டேன்."

"இதை நான் யார் தலைல கட்டறது? நீங்களே வெச்சுக்கங்க. தனியா ஒரு தொட்டி. கூட எதையும் விடாதீங்க. தனியா இருந்தா அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகும்."

"மாப்பிள்ளைன்னு பேர் வெச்சு ஊட்டி வளர்த்தேன். கொன்னுடலாம்னு பார்த்தேன்."

"அது என்ன சார் பண்ணுச்சு? நண்டு நண்டாத்தான் இருந்துச்சு. மாப்பிள்ளைன்னு நீங்கதான் விருந்து வெச்சீங்க."

அங்கிருந்து, மச்சினன் இருப்பதாக மனைவி சொல்லியிருந்த இடத்துக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும். வாளியை மூடித்தான் வைத்திருந்தார். இருந்தாலும் இரண்டு நிறுத்தத்துக்குள் அவரைச் சுற்றி வட்டமாக இடம் காலியாகிவிட்டது. ஒரு பெண் குழந்தையின் மூக்கைப் பொத்தி முன்பக்கம் தூக்கிக்கொண்டு போனாள். பாதி வழியில் அவரோடு வேலை பார்க்கிற இளம் செக்கர் ஒருவன் ஏறினான். கூட்டத்தில் ஒரு பார்வை விட்டு நேராக இவரிடம் வந்தான். சட்டையில் சேறு, விரலில் ரத்தத் துணி, காலிடுக்கில் வாளி. அவன் "டிக்கெட்" என்று கையை நீட்டியே விட்டான். அப்புறம்தான் மூஞ்சியைப் பார்த்தான்.

"ஐயோ, சார் நீங்களா! தூரத்துல பார்த்து, சரி, இந்த ஆள் கட்டாயம் எடுத்திருக்க மாட்டான்னு நினைச்சேன். நீங்க கத்துக்கொடுத்ததுதானே சார், மூஞ்சியப் பார்க்கச் சொல்லி."

செக்கர் பாஸை எடுத்துக் காட்டினார். வேண்டாம் வேண்டாம் என்று அவன் சொல்லியும் பிடித்தபடியே இருந்தார்.

மச்சினன் தங்கியிருந்தது ஒரு அச்சகத்தின் மேல்மாடியில், நண்பனின் அறையில். கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை அதிரும். கட்டுக்கட்டாக அச்சுத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, பிழை திருத்திக்கொண்டிருந்தான். கீழேயே வேலை கிடைத்திருந்தது. செக்கரைப் பார்த்து எழுந்தான். மூக்கைச் சுருக்கினான்.

"என்ன மாமா நாத்தம் இது?"

செக்கர் மூடியைத் திறந்து காட்டினார். பாறைக்கு அடியில் பார்த்ததை எல்லாம் சொன்னார். மஞ்சள் மீனை எது பிடித்து இழுத்தது என்பதையும் சொன்னார். மச்சினன் குனிந்து பார்த்துவிட்டு, வாளியைக் காலால் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"சரி. நண்டுதான் கொன்னுச்சு. அதனால நான் கொல்லல. இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"ஆமா. வந்துடுடா வீட்டுக்கு."

"நண்டு மாட்டாம இருந்திருந்தா வந்திருப்பீங்களா?"

கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்தது. வாளித் தண்ணீர் வளையம் வளையமாக அதிர்ந்தது. வந்திருப்பேன் என்று சொல்லிவிடலாம். யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் பொய் சொல்கிறவன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியுமே.

"வந்திருக்க மாட்டேன்" என்றார். "மீனுக்காக உன்ன அனுப்பலடா. உன்ன அனுப்பறதுக்கு மீன் செத்தது எனக்கு வசதியாப் போச்சு. உன் நகம் எனக்கு ஆகல. உன் துண்டு ஆகல. அந்த ஸ்பூன் ஆகவே ஆகல. ஆனா அதுக்கெல்லாம் ஒருத்தனை வீட்டை விட்டு இறக்க முடியாது. கொலைன்னா முடியும். அதான் நீயா இருக்கணும்னு பார்த்தேன். நீயாத் தெரிஞ்ச."

"எந்த ஸ்பூன்?"

"ஜாம் ஸ்பூன். நக்கிட்டு உள்ள போடுவியே."

மச்சினன் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தான். "அதுக்கா மாமா? இத்தனை வருஷமா? சொல்லியிருக்கலாமே."

"எப்படிடா சொல்றது?"

"‘நக்காதடா’ன்னு சொல்றது."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாம் போலத்தான் இருந்தது.

"அக்காகிட்ட சொன்னீங்களா இதெல்லாம்?" என்று கேட்டான் மச்சினன்.

"இன்னும் இல்ல."

"அங்க போய்ச் சொல்லுங்க. நண்டைப் பத்தி மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்காதீங்க. ‘வசதியாப் போச்சு’ன்னு இப்ப சொன்னீங்களே, அதையும் சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன் மாமா. வேலை கீழயே இருக்கு. இது கோவத்துல சொல்றது இல்ல. ஆனா அவ அங்க இருக்கணுமா வேணாமாங்கறது உங்க கைலதான் இருக்கு."

அன்று சாயங்காலம் செக்கர் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார், ஸ்பூன் உள்பட. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "என்கூட இருந்துகிட்டே இத்தனை வருஷம் அவன் மேல குமட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றாள். அவள் முகத்தில் அப்போது வந்தது கோபம் இல்லை. ஈர டிக்கெட்டைத் தொடும்போது தன் முகம் எப்படி ஆகும் என்று செக்கர் பார்த்ததில்லை. இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

"நாளைக்கு அவனைச் சாப்பிட வரச் சொல்றேன். பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாள். பெட்டி வாசலருகேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள். கழுவி அலசிய தொட்டியில், புதுத் தண்ணீரில், ஒரே ஒரு பாறையோடு நண்டு தனியாக இருந்தது. மீன் இல்லை, நத்தை இல்லை. இனி அதற்குப் பெயரும் இல்லை. அது பாட்டுக்குக் கண்ணாடியில் கால் நுனியைத் தட்டிக்கொண்டிருந்தது. ரொட்டி, முட்டை, டீ, நடுவில் ஜாம் பாட்டில். மச்சினன் அச்சகத்து முதலாளியைப் போல நடித்துக் காட்டிக்கொண்டே ரொட்டியில் ஜாம் தடவினான். பேச்சு சுவாரசியத்தில் ஸ்பூன் வாய்க்குள் போனது. ஒரு பக்கம் நக்கி, திருப்பி மறு பக்கமும் நக்கினான். பாட்டிலை நோக்கிப் போன கை அந்தரத்தில் நின்றது. காது வரை சிவந்துவிட்டான்.

"நான் போய்க் கழுவி…"

மனைவி தம்பியைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

செக்கர் கையை நீட்டினார். துணி சுற்றிய விரலோடு அந்த ஸ்பூனை அவன் கையிலிருந்து வாங்கினார். அது ஈரமாக இருந்தது. பாட்டிலுக்குள் விட்டு ஜாமை எடுத்து, தன் ரொட்டியில் ஓரம் வரைக்கும் தடவினார். கடித்தார். தொண்டையிலிருந்து எல்லா டிக்கெட்டும் ஒன்றாகக் கிளம்பி வந்தன. கண்ணில் நீர் முட்டியது. மென்றார். முழுங்கினார். இன்னொரு கடி கடித்தார்.

"மாமா, வாந்தி வந்தா சொல்லுங்க, நகர்ந்துக்கறேன்" என்றான் மச்சினன்.

"வாயை மூடிட்டுத் தின்னுடா. அடுத்த தடவ நக்காதடா" என்றார் செக்கர்.

மனைவி நாற்காலியைத் தள்ளி எழுந்தாள். வாசலுக்குப் போனாள். பெட்டி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. வெளியே போகிறதா, உள்ளே வருகிறதா என்று செக்கர் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் அவருக்குப் பின்னால் வந்தது, நெருங்கியது, தாண்டி உள்ளறைக்குள் போனது.

அவருக்கு உடனே எழுந்து கைகழுவ வேண்டும் போலிருந்தது. பாதி எழுந்தும் விட்டார். மச்சினன் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. திரும்ப உட்கார்ந்துகொண்டார்.